அறுநூற்றுப் பதினேழு பேர் பார்த்த பறவை

மார்கழி பதினேழாம் தேதி காலையில் அந்தப் பறவை ஆலாக்குளத்துக்கு வந்து, வந்ததும் வராததுமாக, குளத்தில் அத்தனை திட்டு இருக்க, கரையில் அத்தனை மரம் இருக்க, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாசானமுத்துவின் சைக்கிள் சீட்டில் போய் உட்கார்ந்தது. அவருக்கு அது தெரியாது. டீயைக் குடித்து முடித்து, கிளாஸைப் பலகையில் வைத்து, கழுத்தில் தொங்கிய பைனாகுலரை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கினார்.

"ஐயய்யோ, உக்காராதீங்க!" என்று கத்தினாள் டீக்கடை இசக்கித்தாய்.

அந்த ஊரில் யாரும் கத்தி நாற்பது வருடம் ஆகியிருந்தது. குஞ்சுகள் மிரண்டு கூட்டிலிருந்து விழுந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி கிடையாது, கோயில் கொடைக்கு வேட்டு கிடையாது, கல்யாண மேளத்தை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள், புருசன் பொண்டாட்டி சண்டைகூட ஆறு மாதத்துக்கு உதட்டசைவிலேயே நடக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி இப்படிக் கத்தினால் மனுசனுக்கு எப்படி இருக்கும்? மாசானமுத்து ஒற்றைக்காலில் நின்றபடி, "என்னம்மா?" என்றார்.

"சீட்டுல பறவை உக்காந்திருக்குல்லா அண்ணாச்சி. தெரியலயா?"

அவர் பார்த்தார். கிழிந்த உறையும், உறைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் மஞ்சள் பஞ்சும் தெரிந்தன. பறவை தெரியவில்லை. ஆனால் டீக்கடையில் இருந்த ஒன்பது பேரும் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் டீயை விழுங்கவில்லை.

தெரியாமல் போனவர் யார் என்று சொன்னால்தான் அவர் எரிச்சல் விளங்கும். இருபத்தேழு வருடமாக அந்தக் குளத்தின் பறவைக் கணக்கெடுப்பாளர் அவர். இருநூற்று எண்பத்து மூன்று இனத்தைப் பேர் சொல்லி அடையாளம் காட்டுவார், பறக்கும்போதே காட்டுவார், முதுகைப் பார்த்தே காட்டுவார், தூரத்தில் ஒரு புள்ளி அசைந்தால் அது செங்கால் நாரையா நத்தைகுத்தி நாரையா என்று பைனாகுலரை எடுக்காமலே சொல்லிவிடுவார். ஒரு கூட்டத்தை எண்ண ஆரம்பித்தால் நூறு ஆனதும் சட்டையின் இடது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை வலது பைக்கு மாற்றுவார், அந்த நேரத்தில் பெற்ற பிள்ளை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அவர் பெற்ற பிள்ளை கூப்பிட்டு ஓய்ந்து இப்போது கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான்.

பறவை வந்த முதல் வாரம் ஊர் ஆச்சரியப்பட்டது. இரண்டாம் வாரம் அதுவும் நின்றுபோய், பறவை ஊரில் ஒரு ஆள் ஆகிவிட்டது. விருந்தாளி என்று பேர் வைத்தார்கள். விருந்தாளி காலையில் ரேஷன் கடை எடைத்தட்டில் உட்கார்ந்தால் கடைக்காரர் அரிசியைப் படியில் அளந்து போட்டார், பத்தேகால் பஸ்ஸில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் அது எழும்பும்வரை டிரைவர் கீழே நின்று பீடி குடித்தார், மத்தியானம் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு முன்னால் நடந்தால் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள். பறவை உட்கார்ந்த இடத்தை அசைக்கக் கூடாது என்பது அந்த ஊரில் சாமி சத்தியத்துக்குச் சமம். அதனால் யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. அலுத்துக்கொண்டது மாசானமுத்து ஒருத்தர்தான், ஏனென்றால் விருந்தாளி எங்கே இருந்தாலும் அவர் சரியாக அங்கேதான் மிதிக்கப் போனார்.

"அண்ணாச்சி, நில்லுங்க!"

"மாமா, காலை எடுங்க, காலை எடுங்க, வாலை மிதிக்கப் போறிய!"

"ஏ பெரியப்பா, உங்க தோள்ல இருக்கு, ஆடாதீங்க!"

ஒரு மனுசன் எவ்வளவுதான் தாங்குவான்? கழுத்தைத் திருப்பாமல், தோளை அசைக்காமல் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார், தெருவில், வேட்டி அவிழ்ந்துகொண்டிருக்க, அதைக் கட்டக்கூடக் கையைத் தூக்காமல். அவர் தோளில் துளிக் கனம்கூட இல்லை.

கண் பார்க்காவிட்டால் போகட்டும், எழுதியாவது வைப்போம் என்று பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒவ்வொருத்தரிடமும் கேட்டு எழுதினார். நாரை உயரம் என்றார்கள். பழுத்த பனம்பழத் தோலின் நிறம் என்றார்கள். வாலில் ஒற்றை இறகு மட்டும் நீண்டு தரையைத் தொடும் என்றார்கள். அதற்கு மேல் உருப்படியாக ஒரு வார்த்தை கிடையாது. அலகு எத்தனை விரற்கடை என்று கேட்டால் "அழகா இருக்கும்" என்றார்கள், காலின் நிறம் என்ன என்று கேட்டால் "அது ஒரு அழகுல்லா" என்றார்கள். அழகு என்ன அளவுகோலா? எந்தப் புத்தகத்தில் அலகின் நீளம் அழகு என்று போட்டிருக்கிறது? கையிலிருந்த பேனாவைச் சுவரில் அடித்தார். சுவரில் விருந்தாளி இருந்ததாம், அதற்கும் நாலு பேர் திட்டினார்கள்.

பிறகு வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். புள்ளி போட்ட பச்சைச் சட்டையும், பீரங்கி மாதிரி லென்ஸும், பத்துப் பாக்கெட் வைத்த கால்சட்டையுமாக, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ வந்து, வழிகாட்டி யார் என்று கேட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு கரையெல்லாம் நடந்தார்கள். அவர் வழிகாட்டினார். ஒரு மொட்டைக் கிளையைப் பார்த்து அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். தாடி வைத்த ஒரு பெரியவர், ஒரு பழைய ஓவியத்தில் மட்டும் இருந்த பறவை என்றும், செத்து ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் கைகழுவியது என்றும் சொல்லி, அவரைக் கட்டிப்பிடித்து, "உங்க குளத்துல சார், உங்க குளத்துல!" என்று தோளை நனைத்தார். எடுத்த படத்தைக் காட்டினார்கள். படத்திலும் அதே மொட்டைக் கிளைதான் இருந்தது. "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் மாசானமுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டபோது ஊரே சேர்ந்து அவரை அனுப்பி வைத்தது. எழுத்து அட்டையை அவர் மேலிருந்து கீழாக, பொடி எழுத்து வரைக்கும், கடகடவென்று வாசித்தார். டாக்டரம்மா அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கடைசி மூணு வரியை எப்படி வாசிச்சீங்க?"

"ஏன், தப்பா?"

"தப்பில்லை. அட்டைக்கு முன்னாடி ஒரு பறவை உட்கார்ந்திருக்கு. எனக்கே அந்த வரி மறைக்குது."

உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அன்றைக்குப் பஸ்ஸில் ஏறாமல் எட்டு மைல் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார் அவர், வழியெல்லாம் தன்னோடேயே சண்டை போட்டுக்கொண்டு.

வீட்டில் ஒருத்தி இருந்தாள். சண்முகக்கனி. கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருடம். மற்றவர்களாவது அழகு, நிறம் என்று எதையாவது சொல்லி உயிரை வாங்கினார்கள், இவள் அதுவும் சொல்லவில்லை.

"ஏட்டி, நீயும் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"தெனமும்தான் வருது. பொறவாசல்ல, துவைக்கிற கல்லுகிட்ட."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் மீனை அலசப் போய்விட்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இத்தனையும் வெறும் எரிச்சலோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தை பிறந்ததும் ரேஞ்சர் பெனிட்டா ஜீப்பில் வந்து இறங்கினாள். சின்ன வயதுப் பெண், வேலையில் கெட்டி, அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள். குளத்தின் மேல்கரை வழியாக லாரிப் பாதை ஒன்று வருவதாகவும், மேல்கரைக் கருவேல மரம் அத்தனையும் வெட்டப்படும் என்றும், பங்குனியில் வேலை ஆரம்பம் என்றும் சொன்னாள். அந்த மரங்களில் ஆயிரத்து நூறு கூடு. ஒவ்வொரு கூடும் மாசானமுத்துவுக்குத் தெரியும், எதில் மூன்று முட்டை, எதில் போன வருடம் காகம் புகுந்தது என்பது வரைக்கும் தெரியும். மரம் போனால் கூடு கட்டுகிற பறவை எதுவும் அடுத்த வருடம் திரும்பிப் பார்க்காது.

"வழி இருக்கு சார்" என்றாள் பெனிட்டா. "வெளியூர்க்காரங்க படமெல்லாம் செல்லாது, இந்தப் பறவை ஒண்ணே ஒண்ணு நம்ம தைக் கணக்குல பதிவாச்சுன்னா போதும். ரோடு தெக்க திரும்பிடும். ரெண்டாவது ஞாயிறு கணக்கு. நீங்க கையெழுத்துப் போடணும்."

"நான்தான் பாக்கலையே."

"ஊரே பாத்திருக்கே சார்."

"ஊர் பாத்தா ஊர் கையெழுத்துப் போடட்டும்."

ஊர் போட முடியாது. அதற்குக் காரணமும் அவர்தான், அதுதான் கொடுமை. பதினோரு வருடத்துக்கு முன்னால் அன்றைய பஞ்சாயத்துத் தலைவர் வெளியூர்க்காரர்களை இழுக்கலாம் என்று கட்டிலை விட்டு எழுந்திருக்காமலே பூநாரை நாலாயிரம் என்று எழுதி அனுப்ப, மாசானமுத்து ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, மனு மேல் மனுவாகக் கொடுத்து, ஆலாக்குளத்துப் படிவத்தில் மட்டும் ஒரு வரியை அச்சடிக்க வைத்தார்: பதிவு பெற்ற கணக்கெடுப்பாளர் தம் கண்ணால் கண்டதை மட்டுமே எழுத வேண்டும். சரி, பதிவு பெற்ற இன்னொருவர் உண்டா? பயிற்சிக்கு வந்த பதினாலு பேரையும் அவரே ஃபெயிலாக்கியிருந்தார். உள்ளான் என்கிற நீர்க்கரைப் பறவையில் இரண்டு வகையைக் குழப்பிவிட்டார் என்று ஒரு தலைமையாசிரியரையே அழ விட்டவர் அவர்.

அதற்குப் பிறகு அவர் தெருவில் நடக்க முடிந்ததா? இசக்கித்தாய் டீயை ஆற்றிக்கொண்டே, "ஒரு கையெழுத்துதான அண்ணாச்சி" என்றாள். முடிவெட்டுகிறவர் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டே, "ஒரு கையெழுத்துதான மாமா" என்றார். கோயில் பூசாரி திருநீறு கொடுக்கும்போது ரகசியமாக, "சாமியையே கண்ணால பாத்தா கும்பிடுதோம்?" என்றார்.

"சாமிக்கு நான் படிவம் எழுதலையே!" என்றார் மாசானமுத்து. சொல்லிவிட்டு வெளியே வந்து கண் கலங்கினார். பொய் எழுதினால் மரம் நிற்கும். ஆனால் இருபத்தேழு வருடத்தில் அவர் எழுதிய ஒவ்வொரு எண்ணும் அந்த நிமிடமே பொய்யாகிவிடும். எழுதாவிட்டால் எண்ணும் இருக்கும், நோட்டும் இருக்கும், எண்ணுவதற்குத்தான் ஒன்றும் இருக்காது. காட்டித் தொலையேன், ஒரே ஒரு இறகைக் காட்டித் தொலையேன் என்று, இல்லாத பறவையை, இருக்கிற பறவையை, மனதார ஏசினார்.

இரண்டாவது ஞாயிறு விடிந்தது. ஊர் மொத்தமும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டது. வழக்கமான கணக்கு எட்டு மணிக்குள் முடிந்தது. நாரை, கூழைக்கடா, தாரா, ஊசிவால் வாத்து, எல்லாம் எழுதியாயிற்று, புளியங்கொட்டைகள் இடம் மாறிவிட்டன. படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. பெனிட்டா ஜீப்பின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றாள். பன்னிரண்டு மணிக்கு அவள் தாளோடு கிளம்பியாக வேண்டும்.

ஒன்பதரைக்கு விருந்தாளி வந்தது. மாசானமுத்துவுக்கு முன்னால், மடையை ஒட்டிய கல் தூணில் உட்கார்ந்தது என்று சொன்னார்கள். அவர் பைனாகுலரை வைத்துப் பார்த்தார், எடுத்துவிட்டுப் பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், கண்ணில் நீர் முட்ட இமைக்காமல் பார்த்தார். தூணில் பாசி இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஊர் முழுக்கக் குசுகுசுவென்று, "அன்னா பாரு, இறகை விரிக்கு" என்றும், "இன்னும் கொஞ்சம் வலது பக்கமாப் பாரும்" என்றும், "அந்த மனுசனுக்குக் கொடுத்து வைக்கல" என்றும் பேசிக்கொண்டே இருக்க, அவருக்குப் பொறுமை போய்விட்டது, ஒரேயடியாகப் போய்விட்டது. பைனாகுலரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, வாயை மூடுங்கலே என்று கத்துவதற்காக, கணக்கு நாளில் வாழ்க்கையில் முதன்முறையாக, குளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

திரும்பியவர் கத்தவில்லை.

எதிரே கரைச் சரிவு முழுக்க முகங்கள். அத்தனை முகமும் அவர் தலைக்கு மேலே ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வட்டி வாங்கியே முகம் சுளித்துப்போன ஆறுமுகநயினார் பால் குடிக்கிற பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றார். இரண்டு வருடமாக ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காத ஓரகத்திகள் இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு நின்றது அவர்களுக்கே தெரியவில்லை. எல்லாக் கண்ணும் சேர்ந்து மெல்ல இடது பக்கம் நகர்ந்தது, நின்றது, கொஞ்சம் மேலே ஏறியது, சட்டென்று அகலமானது. இப்போது இறகை விரிக்கிறது என்று மாசானமுத்துவுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. அடப்பாவிகளா, இது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தார், நினைத்துக்கொண்டே இடது பையில் கையை விட்டார்.

"ஒண்ணு" என்றார். "ரெண்டு. மூணு."

"என்ன சார் எண்ணுறீங்க?" என்றாள் பெனிட்டா.

"கண்ணால கண்டதை."

மனுசர்களை எண்ணுவது இருக்கிறதே, அதற்குப் பூநாரை நாலாயிரம் எவ்வளவோ மேல். பூநாரை ஒரு இடத்தில் நிற்கும். இவர்கள் எண்ணிய பிறகு இடம் மாறினார்கள், எண்ணாதவர்களோடு கலந்தார்கள், "என்னையச் சேத்தாச்சா?" என்று நாலு தடவை கேட்டார்கள். கைக்குழந்தையைச் சேர்ப்பதா கூடாதா என்று தகராறு வந்தது. அவர் குழந்தைக்கு முன்னால் குனிந்து நின்று, அதன் கண் தன்னைத் தாண்டி மேலே நகர்வதை உறுதி செய்துகொண்டு எழுதினார். ஆடுகளைச் சேர்க்கவில்லை, ஆடு எல்லாவற்றையும் அப்படித்தான் பார்க்கும். ஆறு புளியங்கொட்டை வலது பைக்குப் போனது. கடைசியில் அறுநூற்றுப் பதினாறு வந்தது.

"இதை எந்தக் கட்டத்துல சார் எழுதுறது?"

"பறவை பேருக்கு நேரா எழுதும்மா. கண்டவர்கள்னு போட்டு எண்ணிக்கையை எழுது. நான் கண்டது அதுதான், அதுல பொய் கிடையாது."

அந்தத் தாள் பிற்பாடு பெரிய ஆபீசுக்குப் போய், அதைப் பறவை ஃபைலில் வைப்பதா ஜனத்தொகை ஃபைலில் வைப்பதா என்று தெரியாமல் மேசை மேசையாக நகர்ந்து, முடிவு தெரியும்வரை மேல்கரையில் ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்று எவரோ ஓரத்தில் எழுதிவைக்க, இன்றுவரை முடிவு தெரியவில்லை, இன்றுவரை மரம் நிற்கிறது. அது இருக்கட்டும். அந்த நேரத்தில் அவருக்கு வேறு கவலை. ஊர்ப் பட்டியலில் அறுநூற்றுப் பதினெட்டுப் பேர். பார்க்காத ஆளான தன்னைக் கழித்தால் அறுநூற்றுப் பதினேழு வர வேண்டும், ஒன்று குறைகிறது. குறைவான கணக்கில் அவர் கையெழுத்துப் போட்டதே கிடையாது.

"யாருலே வரல?"

"மைனி வரலையே அண்ணாச்சி" என்றாள் இசக்கித்தாய். "துணி கெடக்குன்னாவ. அன்னா, விருந்தாளியும் உங்க வீட்டுப் பக்கம்தான் பறக்கு."

மணி பதினொன்றே முக்கால். ஊரே ஒதுங்கி வழிவிட, படிவத்தையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடினார் மாசானமுத்து. ஊரே வந்திருக்க இவளுக்கு மட்டும் இன்றைக்குத்தான் துணி துவைக்க வேண்டுமா, மனுசன் உயிர் போகிறது, இவளுக்குச் சோப்பு கரைகிறது என்று வழியெல்லாம் வைதுகொண்டே, வீட்டைச் சுற்றிப் புறவாசலுக்குப் போனார்.

சண்முகக்கனி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், நனைந்த சேலையைப் பிழிந்தது பாதி பிழியாதது பாதியாகக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கிணற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. இருநூற்று எண்பத்து மூன்று இனத்தின் அடிவயிற்று நிறம்வரை தெரிந்த மனுசனுக்கு, முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளிடம் இப்படி ஒரு முகம் உண்டென்று தெரியாது. சந்தோசம் வரவில்லை அவருக்கு. வந்தது கோபம்தான்.

"ஏட்டி" என்றார். "எங்கிருந்தோ வந்த பறவையை இப்படிப் பாக்கியே. என்னைய ஒரு நாளாவது இப்படிப் பாத்திருப்பியா நீ?"

அவள் கிணற்றுச் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாத்திருக்கேன். எத்தனையோ நாள் பாத்திருக்கேன். நீங்க குளத்தைல்லா பாத்துக்கிட்டு நிப்பிய."

மாசானமுத்து படிவத்தை நிமிர்த்திப் பிடித்தார். பேனாவைத் திறந்தார். ஆறு எழுதி, ஒன்று எழுதி, அடுத்த எண்ணை எழுதுவதற்காக, கண்ணால் கண்டதை உறுதி செய்துகொள்ள இன்னொரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பறந்து போச்சு" என்றாள் சண்முகக்கனி. சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். அந்த முகம் மாறவில்லை.